“அந்த வண்டியா? வேண்டாம்ண்ணே!” - கெட்ட பெயர் எடுத்த கார்களின் கதை

பழுது பத்து நாளில் போகும். பேச்சு இருபது வருஷம் நிற்கும்!

புதுக்கோட்டை,-

காருக்கு உயிர் இல்லை. ஆனால் பெயர் உண்டு. அந்தப் பெயர் ஒரு தடவை கெட்டுவிட்டால் லேசில் திரும்புவது இல்லை.

அறந்தாங்கிப் பக்கம் ஒருவர் சீட்டுப் பணத்தை எடுத்து, வீட்டு நகையை அடகு வைத்து, 3 லட்சம் ரூபாயோடு பழைய கார் வாங்க புதுக்கோட்டைக்கு பஸ் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

வண்டி பளிச் என்று நிற்கிறது. ஒரே ஓனர். நாலு டயரும் புதுசு. ஆர்.சி. புத்தகம் சுத்தம். விலையும் அதே வயசுள்ள மற்ற வண்டியைவிட ரொம்பக் குறைவு.

டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பதற்காக சட்டைப் பைக்குள் கையை விடுகிறார். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டு நின்றவர் வாயைத் திறக்கிறார்.

“அண்ணே, அந்த வண்டியா? வேண்டாம்ண்ணே. அந்த கம்பெனியே சரியில்ல. வாங்கிட்டா அப்புறம் விக்க முடியாது.”

அவ்வளவுதான். பைக்குள் போன கை வெறுங்கையாக வெளியே வருகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், டீ குடித்தவர் அந்த வண்டியை ஒரு நாள்கூட ஓட்டியவர் இல்லை. அவர் மச்சானும் ஓட்டியது இல்லை. எப்போதோ யாரோ சொன்னதை அவர் திருப்பிச் சொன்னார்.

புதுக்கோட்டை, ஆலங்குடி, பொன்னமராவதி, இலுப்பூர் என்று எந்த ஊரிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. பேச்சு உண்மையா, பொய்யா என்பது அப்புறம். அந்தப் பேச்சால் ஒருவருக்கு வண்டி விற்காமல் போகிறது. இன்னொருவருக்கு நல்ல வண்டி கைநழுவிப் போகிறது. இரண்டு பக்கமும் பணம்தான் நஷ்டம்.

ஒரு காருக்கு கெட்ட பெயர் எப்படி வருகிறது? பழுதைச் சரிசெய்த பிறகும் அது ஏன் போகமாட்டேன் என்கிறது? அதன் விவரம் வருமாறு:-

சென்னையில் பிறந்த கார்

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேடி ஓட வேண்டியது இல்லை. சென்னையிலேயே ஒரு கதை இருக்கிறது.

சென்னையை அடுத்த பெருங்களத்தூர் - வண்டலூர் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. 1961-ம் ஆண்டு அங்கே ஹெரால்டு கார் தயாரிக்கத் தொடங்கினார்கள். அம்பாசிடர், பியட், ஹெரால்டு - அந்தக் காலத்தில் ரோட்டில் பார்த்த கார்கள் பெரும்பாலும் இந்த மூன்றுதான்.

அதே கம்பெனி 1985-ம் ஆண்டு ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற பெரிய காரை வெளியிட்டது. விலை 2 லட்சம் ரூபாய்க்கு மேல். அன்றைய கணக்கில் அது பெரும் பணம்.

பார்வைக்கு ராஜா. இங்கிலாந்தின் ரோவர் கம்பெனி தயாரித்த ‘எஸ்.டி.1’ காரின் உடம்பு அது. அந்த ரோவர் 1977-ம் ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற பரிசையே வாங்கியது.

ஆனால் பானெட்டைத் திறந்தால் வேறு கதை. இங்கிலாந்தில் அந்த உடம்புக்குள் 3½ லிட்டர் ‘வி-8’ என்ஜினும் வைத்தார்கள். இங்கே வைத்ததோ ‘வான்கார்டு’ காரின் பழைய 2 லிட்டர் என்ஜின். அந்த என்ஜின் பிறந்தது 1940-களில். அதன் குடும்பத்தைச் சேர்ந்த என்ஜினைத்தான் பெர்குசன் டிராக்டரிலும் வைத்திருந்தார்கள்.

மேலே பட்டு வேட்டி, உள்ளே பழைய பனியன் என்ற கதை ஆகிவிட்டது. 2 லட்சம் கொடுத்த பணக்காரருக்கு “டிராக்டர் என்ஜின்” என்ற ஒரு சொல் போதாதா? கேலிக்கு வேறு என்ன வேண்டும்?

1988-ம் ஆண்டு உற்பத்தி நின்றுபோனது. அதன் பிறகுதான் வாங்கியவர்களுக்கு உண்மையான தலைவலி. தொழிற்சாலையில் மிச்சம் கிடந்த புது ஸ்பேர்களை இங்கிலாந்தின் ‘ரிம்மர் பிரதர்ஸ்’ என்ற கடை மொத்தமாக வாங்கிக் கொண்டு போனது. வண்டி இங்கே, ஸ்பேர் அங்கே!

இதே காலத்து இன்னொரு காரையும் பார்க்க வேண்டும். அம்பாசிடர் தயாரித்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல் ‘கான்டசா’ காரை விட்டது. அதிலும் முதலில் பெரிய உடம்பு, அம்பாசிடரின் சின்ன என்ஜின். இழுவை இல்லை என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் கொஞ்ச காலத்தில் ஜப்பானின் ‘இசுசு’ என்ஜினை மாற்றி வைத்தார்கள். பேச்சு மாறியது. கான்டசா 2002-ம் ஆண்டு வரை வந்துகொண்டிருந்தது.

நோய் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்றுக்கு மருந்து நேரத்தில் கிடைத்தது, மற்றதுக்குக் கிடைக்கவில்லை.

ஷெட்டில் நிற்கும் விளம்பரம்

கம்பெனிகள் பேப்பரிலும் டி.வி.யிலும் கோடிக்கணக்கில் விளம்பரம் கொடுக்கின்றன. ஆனால் மாவட்டத்து ஊர்களில் காருக்குப் பெரிய விளம்பரம் எது தெரியுமா? மெக்கானிக் ஷெட்தான்.

நன்றாக ஓடுகிற வண்டி ரோட்டில் போய்விடும். யார் கண்ணிலும் நிற்காது. ஸ்பேர் வராத வண்டியோ ஷெட் வாசலில், தூசி படிந்து, ஒரு சக்கரத்துக்குக் கீழே செங்கல் வைத்து மாசக்கணக்கில் நிற்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்ப்பார்கள். பக்கத்தில் ஒரு டீக்கடையும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஓடும் வண்டிகள் ஆயிரம் இருந்தாலும் நிற்கும் வண்டி ஒன்றுதான் ஊர்ப் பேச்சை முடிவு செய்கிறது.

மெக்கானிக்கின் நிலைமையையும் யோசிக்க வேண்டும். புது மாடல் ஒன்று அவரிடம் வருகிறது. அதை அவர் பிரித்துப் பார்த்தது இல்லை. அதற்கான கருவியும் கையில் இல்லை. “எனக்குத் தெரியாது” என்று சொன்னால் பிழைப்பு போய்விடும். “வண்டியே சரியில்லப்பா” என்று சொன்னால் மரியாதை மிச்சம்.

அவர் பொய் சொல்லவேண்டும் என்று சொல்வது இல்லை. ஆனால் அவர் வாயில் இருந்து வந்தால் அது தீர்ப்பு. ஊரில் அப்பீல் கிடையாது.

ஒரே பழுது, இரண்டு தீர்ப்பு

நல்ல பெயர் எடுத்த காரில் வெயில் நேரத்தில் ரேடியேட்டர் கொதித்தால் ஓனர் என்ன செய்வார்? ஓரம் கட்டி, பாட்டில் தண்ணீரை ஊற்றி, “சித்திரை வெயில்ல மனுஷனே கொதிக்கிறான், வண்டி கொதிக்காதா?” என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுவார்.

அதே பழுது கெட்ட பெயர் எடுத்த காரில் வந்தால்? “பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல!” என்று நாலு பேர் வந்து நிற்பார்கள்.

முதல் பழுது கணக்கில் ஏறவில்லை. இரண்டாவது பழுது ஊர் முழுக்க ஏறிவிட்டது. கெட்ட பெயர் நீடிப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் இன்னும் பொல்லாதது. பெயர் கெட்டால் வாங்குபவர் குறைவார். வண்டி குறைந்தால் கடைக்காரர் ஸ்பேர் வாங்கி வைக்கமாட்டார். போட்ட முதல் முடங்கிவிடும் அல்லவா? ஸ்பேர் இல்லாவிட்டால் மெக்கானிக்குக் கை பழகாது. அப்புறம் சின்ன வேலைக்கும் ஒரு மாசம் ஆகும். ஒரு மாசம் நின்றால் பெயர் இன்னும் கெடும்.

செக்கு மாடு மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்துவிடும். ஆரம்பத்தில் பொய்யாக இருந்த பேச்சைக்கூட இந்தச் சுற்று உண்மை ஆக்கிவிடும்!

திருச்சியில் ஷோரூம் பக்கத்திலேயே இருப்பவருக்கு இந்தக் கஷ்டம் பாதிதான். மணமேல்குடியில் இருப்பவர் புதுக்கோட்டையைத் தாண்டி திருச்சி வரை வண்டியைக் கட்டி இழுக்க வேண்டும் என்றால்? அதனால்தான் இந்த மாவட்டத்தில் கார் பார்க்கிறவர் மைலேஜுக்கு அடுத்தபடியாக “ஸ்பேர் எங்க கிடைக்கும்?” என்று கேட்கிறார். அது பயம் அல்ல, அனுபவம்.

ஒரு லட்ச ரூபாய் கார்

ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்து போவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை பிறந்தது என்று மறைந்த தொழில் அதிபர் ரத்தன் டாட்டா சொல்லி இருக்கிறார். டி.வி.எஸ்.50-யில் நாலு பேர் போகும் நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை.

2008-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி டெல்லி கண்காட்சியில் ‘நானோ’ காரைக் காட்டினார்கள். “ஒரு லட்ச ரூபாய் கார்” என்று உலகமே பேசியது. 2009 மார்ச்சில் விற்பனைக்கு வந்தது.

2010-ம் ஆண்டு மும்பையில் புத்தம் புது நானோ ஒன்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே தீப்பிடித்தது. அந்த போட்டோ நாடு முழுவதும் பேப்பரில் வந்தது. வேறு சில இடங்களிலும் தீ விபத்து நடந்தது.

2010 ஜூலையில் மாதம் 9 ஆயிரம் கார் விற்றது. அதே ஆண்டு நவம்பரில் விற்றது வெறும் 509!

பாதுகாப்புக்கான கூடுதல் பாகங்களை இலவசமாகப் பொருத்தித் தருவதாக கம்பெனி அறிவித்தது. விற்பனை மறுபடி கொஞ்சம் எழுந்தது. ஆனால் நிற்கவில்லை. 2014-ல் மோதல் சோதனையில் நட்சத்திரம் ஒன்றுகூட கிடைக்கவில்லை. 2018 ஜூன் மாதம் தொழிற்சாலையில் இருந்து வெளியே வந்த நானோ எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று!

நானோவை வீழ்த்தியது தீ மட்டும் அல்ல. “மலிவு கார்” என்ற முத்திரைதான் பெரிய வினை. அப்படி முத்திரை குத்தியது தவறு என்று ரத்தன் டாட்டாவே பிறகு ஒப்புக்கொண்டார்.

கார் வாங்குகிறவர் பயணத்துக்கு மட்டுமா வாங்குகிறார்? சம்பந்தி வீட்டு வாசலில் நிறுத்துவதற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார். “இருக்கிறதிலேயே மலிவானது” என்று ஊருக்கே தெரிந்த பொருளை வாசலில் நிறுத்த யாருக்கு மனம் வரும்?

குற்றம் இல்லாமலே தண்டனை

பழுதே இல்லாமல் பெயர் கெட்ட காரும் உண்டு. அதன் பெயர் ‘ஆடி’. நம் ஆடி மாதம் அல்ல. ஜெர்மனி நாட்டு சொகுசு கார்.

1986-ம் ஆண்டு நவம்பரில் அமெரிக்க டெலிவிஷனில் ஒரு நிகழ்ச்சி ஒளிபரப்பானது. ‘ஆடி 5000’ என்ற கார் பிரேக்கை மிதித்தாலும் தானாகப் பாய்கிறது என்று அதில் காட்டினார்கள். ஜனங்கள் நடுங்கிப்போனார்கள்.

அமெரிக்க அரசாங்கமே விசாரணை நடத்தியது. 1989-ல் அறிக்கை வந்தது. பிரேக் என்று நினைத்து டிரைவர்கள் ஆக்சிலேட்டரை மிதித்ததுதான் பெரும்பாலும் காரணம் என்று தெரிய வந்தது.

தீர்ப்பு சாதகமாக வந்துவிட்டதே, வியாபாரம் திரும்பியதா? இல்லை! 1985-ல் அந்த நாட்டில் சுமார் 74 ஆயிரம் கார் விற்ற கம்பெனி, அறிக்கை வந்து இரண்டு ஆண்டு கழித்து 1991-ல் விற்றது சுமார் 12 ஆயிரம்தான்.

குற்றச்சாட்டு முதல் பக்கத்தில் வரும். விடுதலை ஆறாம் பக்கத்து மூலையில் வரும். மனுஷனுக்கு உள்ள அதே கதிதான் காருக்கும்.

சிரித்துத் தப்பித்த கார்

செக் நாட்டு ‘ஸ்கோடா’ காரைப் பற்றி இங்கிலாந்தில் ஒரு காலத்தில் ஜோக் சொல்லாதவர் இல்லை. “ஸ்கோடாவின் பின் கண்ணாடிக்கு ஹீட்டர் எதற்கு? வண்டியைத் தள்ளும்போது கை குளிராமல் இருக்க!” என்பது அதில் ஒன்று.

1991-ல் ஜெர்மனியின் போக்ஸ்வாகன் கம்பெனி அதில் பங்கு எடுத்தது. வண்டி மாறியது. ஆனாலும் ஜோக் போகவில்லை. கடைசியில் 2000-ம் ஆண்டு புது மாடலை விற்கும்போது, தன் கெட்ட பெயரைத் தானே கேலி செய்து கம்பெனி விளம்பரம் கொடுத்தது. அதன் பிறகுதான் ஜனங்கள் வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் நாட்டிலும் மீண்ட கதை உண்டு. 1998 டிசம்பரில் டாட்டா ‘இண்டிகா’வை வெளியிட்டது. ஒரே வாரத்தில் 1 லட்சத்து 15 ஆயிரம் பேர் பதிவு செய்தார்கள். வண்டி கைக்கு வந்ததும் புகார் மழை. சத்தம் அதிகம், அதிர்வு அதிகம், டயர் சீக்கிரம் தேய்கிறது என்றார்கள்.

கம்பெனி முகாம் போட்டு பாகங்களை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. குறைகளைத் திருத்தி 2001-ல் ‘இண்டிகா வி-2’ வந்தது. டீசல் வண்டி என்பதால் டாக்சிக்காரர்கள் எடுத்து ஓட்டினார்கள். லட்சக்கணக்கான கிலோ மீட்டர் ஓடியது. பழைய பேச்சு அடங்கியது.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். எல்லா டாக்சியும் இண்டிகாவாக இருந்ததால், “அது வாடகை வண்டியாச்சே, வீட்டுக்கு எதுக்கு?” என்று புதுப் பேச்சு கிளம்பியது. ஒரு முத்திரை போய் இன்னொரு முத்திரை!

2018 டிசம்பரில் அதே கம்பெனியின் ‘நெக்சான்’ மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் தயாரித்து இந்தியாவிலேயே விற்ற கார்களில் அதுதான் முதல் தடவை. அதன் பிறகே “பாடி கெட்டி” என்ற புதுப் பேச்சு பரவியது. 1998-ல் இருந்து 2018 வரை - சரியாக இருபது ஆண்டு!

ஒரே ராத்திரியில்

கடைசியாக இன்னொரு சென்னைக் கதை. மறைமலை நகரில் தொழிற்சாலை அமைத்த போர்டு கம்பெனி 1999-ல் ‘ஐகான்’ காரை வெளியிட்டது. ஓட்டுவதற்கு அருமை, ஸ்பேர் விலை கொடுமை என்ற பேச்சு ஒட்டிக்கொண்டது. 2010-ல் ‘பிகோ’ வந்தபோது, முழு செட்டை மாற்றாமல் பழுதான சின்னப் பாகத்தை மட்டும் மாற்ற வழி செய்து செலவைக் குறைத்தார்கள். பெயர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வந்தது.

2021 செப்டம்பர் 9-ந் தேதி இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அந்த கம்பெனி அறிவித்தது. சர்வீசும் ஸ்பேரும் தொடரும் என்றும் கூறியது. ஆனால் கேட்பது யார்?

8-ந் தேதி ராத்திரி வீட்டு வாசலில் நின்ற வண்டியும் 10-ந் தேதி காலையில் நின்ற வண்டியும் ஒன்றுதான். அதே என்ஜின், அதே டயர். மாறியது மறுபடி விற்கலாம் என்ற நம்பிக்கை மட்டும்.

கெட்ட பெயரின் ரகசியம் இதில்தான் இருக்கிறது. காரை வாங்கும்போதே அதை விற்கும் நாளையும் நினைத்து வாங்குகிறோம். “எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அடுத்தவன் வாங்குவானா?” என்று யோசிக்கிறோம். அடுத்தவனும் அதையே யோசிக்கிறான். அதனால் யாருமே நம்பாத பேச்சுக்குக்கூட எல்லோரும் பயப்படுகிறார்கள்.

கேட்க வேண்டிய 3 கேள்வி

அப்படியானால் அறந்தாங்கிக்காரர் என்னதான் செய்வது? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு மூன்று கேள்வி கேட்டால் போதும்.

முதலாவது: வேண்டாம் என்று சொல்பவர் அந்த வண்டியை வைத்திருந்தாரா? வைத்திருந்தவர் சொன்னால் காது கொடுக்கலாம். கேள்விப்பட்டதைச் சொன்னால் டீக்குக் காசு கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

இரண்டாவது: பழுது என்ன, எந்த வருஷத்து மாடலில்? “கம்பெனியே சரியில்லை” என்பது பதில் அல்ல. பழுதுக்குப் பெயர் இருந்தால் அதை மெக்கானிக்கிடம் காட்டிப் பார்க்கலாம். பெயர் இல்லாத பழுதை யாராலும் பார்க்க முடியாது.

மூன்றாவது: இந்த வண்டியைக் கழற்றத் தெரிந்த கை நம் ஊரில் இருக்கிறதா? கிளட்ச் பிளேட்டும் பிரேக் ஷூவும் புதுக்கோட்டைக் கடையில் கிடைக்குமா, இல்லை ஆர்டர் போட வேண்டுமா? இதை வாங்குவதற்கு முன்பே கடையில் போய்க் கேட்டுவிட வேண்டும்.

இந்த மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால், பெயர் கெட்ட வண்டி லாபமான வண்டி. ஆனால் ஒரு நிபந்தனை. பத்து வருஷம் வைத்து ஓட்டுகிறவருக்குத்தான் அந்த லாபம். இரண்டு வருஷத்தில் மகள் கல்யாணத்துக்கு விற்கவேண்டும் என்று கணக்குப் போடுகிறவர், பொய்ப் பேச்சாக இருந்தாலும் அதற்கும் ஒரு விலை போட்டுத்தான் ஆகவேண்டும்.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனால் ஊர் வாய் சீட்டுப் பணத்துக்குத் தவணை கட்டப் போவது இல்லை. கட்டப்போகிறவர்தான் பானெட்டைத் திறந்து பார்க்கவேண்டும்.